எருக்குழி நாட்கள்

ஜூன் 9
மழை. அப்பாவின் டெஸ்ட் ரிப்போர்ட்டுக்கு இன்னும் பத்து நாளாம்.

ஜூன் 10
விளையில் எருக்குழியைக் கிளறினேன். அப்பா என்றால் வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டிருப்பார். நான் ஆறு புழுக்களை எருவோடு பக்கெட்டில் அள்ளி வந்தேன். கொம்பன் வண்டின் புழுக்கள், பெருவிரல் தடிமன். "தென்னங்குருத்தைத் தின்னுத சனியன வீட்டுக்குள்ள கொண்டு வராத மக்ளே" என்றாள் அம்மா.

ஜூன் 14
பெரிய புழு தீனியை நிறுத்திவிட்டது. மஞ்சளித்து, சுருங்கி, எருவுக்குள் அறை கட்டிக்கொண்டு கிடக்கிறது. இனி உள்ளே எதுவும் போகாது. கண், கால், சிறகு, கொம்பு எல்லாம் சேர்த்து வைத்த கையிருப்பிலிருந்துதான். கொம்பு வளர்வதே இந்தப் பட்டினி நாட்களில்தான், தோலுக்கடியில் மடிந்து மடிந்து. வண்டாகி வெளியே வந்தபின் ஒரு மில்லிமீட்டர்கூட வளராது.

அப்பா அரை டம்ளர் கஞ்சி.

ஜூன் 15
அரை டம்ளர்.

ஜூன் 18
தூக்கமில்லை. உயிரியலாளர் டக்ளஸ் எம்லன் 2001-ல் சாணவண்டுகளைப் பற்றி எழுதியதைத் திரும்பப் படித்தேன். கொம்பு தலையின் முன்பக்கம் முளைக்கும் இனங்களில் உணர்கொம்பு, அதாவது மோப்ப மீசை, சிறுக்கிறது. பின்பக்கம் முளைத்தால் கண். நெஞ்சில் முளைத்தால் சிறகு. பக்கத்தில் வளர்வதன் பங்கைத்தான் கொம்பு எடுத்துக்கொள்கிறது. பரிணாமம் கொம்பை மட்டும் பிடித்து இழுத்து நீட்டியது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படி இழுக்க முடியாது. இழுத்தால் கண்ணும் கூடவே வரும்.

அப்பாவுக்குக் கண் மங்குகிறதா என்று கேட்க மறந்துவிட்டேன்.

ஜூன் 20
போன் செய்தேன். நாளை என்றார்கள்.

ஜூன் 23
கூட்டுப்புழு ஆகிவிட்டது! கொம்பு நன்றாகத் தெரிகிறது. தோல் உரிந்ததும் உடல்நீர் அழுத்தி, மடிப்பெல்லாம் பலூன் போல விரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை, ராத்திரியே நடந்துவிட்டது.

ஜப்பானியக் கொம்பன் வண்டில் 2012-ல் கண்டது: நன்றாகத் தின்ற புழுவுக்குக் கொம்பு மிக நீளும், சிறகு உடம்புக்கு ஏற்ற அளவில் நிற்கும், இனவுறுப்பு ஏறக்குறைய மாறாது. உடம்பெங்கும் ஓடுவது ஒரே இன்சுலின் செய்தி. கேட்கும் காதுதான் உறுப்புக்கு உறுப்பு வேறு.

அப்பாவுக்கும் இன்சுலின்தான். காலையில் 12 யூனிட். அரை டம்ளர் கஞ்சி குடிப்பவருக்கு 12 போடலாமா? மூன்று பேரைக் கேட்டேன், மூன்று பதில்.

ஜூன் 24
8 யூனிட் என்று எழுதிக் கொடுத்தார்கள். சரி.

ஜூலை 1
தொட்டால் வயிற்றை நெளிக்கிறது. அப்பாவிடம் போனில் படம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "கம்பிய எடுத்துட்டு வா லே" என்றார். தென்னங்குருத்திலிருந்து வண்டைக் குத்தி எடுக்கும் கம்பி. அப்புறம் ஒன்றரை இட்லி.

ஜூலை 4
ரிப்போர்ட் வந்துவிட்டதாம். முதல் பஸ்ஸில் நாகர்கோவில். பக்கெட்டை விறகுப்புரையில், அம்மா கண்ணில் படாமல் வைத்திருக்கிறேன்.