சுண்டிக்குளம் பக்கம் சோளக வாடி போடப் போறவைக்கு

வலை, படகு, எஞ்சின், ஆள் எல்லாம் ஆயத்தமாக இருந்தும் சித்திரை மாதத் தொழில் நாட்களில் பாதியைக் கந்தோர் வாசல்களில் விட்டாயிற்று. வாடி போடுவதற்கான கடிதங்கள் இப்போதுதான் கையில் வந்திருக்கின்றன. சோளகக் காற்றுக் காலத்துக்குக் கட்டைக்காட்டுக்கு அங்கால் வாடி (கடற்கரையில் தற்காலிகமாக அடிக்கும் மீன்பிடிக் கொட்டில்) போடும் எண்ணத்தில் இருப்பவர்கள் முதலில் இந்தக் கடதாசி விசயத்தைப் பாருங்கள். கடல் பிறகு.

மருதங்கேணிப் பிரிவு வரைக்கும் யாழ்ப்பாண மாவட்டம். கரையோரமாகத் தெற்கே போகப் போகக் கிளிநொச்சி, பிறகு முல்லைத்தீவு. வெண்மணல் திட்டியில் எங்கே எது முடிகிறது என்று யாருக்கும் கண்ணால் தெரியாது. ஆனால் விண்ணப்பத்தில் அதுதான் முதற்கேள்வி. படகு யாழ்ப்பாணப் பதிவு, வாடி நிற்கப்போகும் மண் வேறு மாவட்டம் என்றால் ஊர்ச் சங்கத்தின் கடிதம் மட்டும் போதாது. போகும் இடத்துக் கடற்றொழிலாளர் சங்கம் "எங்களுக்கு ஆட்சேபனை இல்லை" என்று எழுதித் தர வேண்டும். எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. ஒரு கந்தோரில் இருந்தவர் கடிதத்தைத் திறந்தும் பாராமல், "தம்பி, இது எங்கட பிரிவில்லை, அங்கால போய்க் கேளும்" என்றார். அங்கால் போனால், "அவையிட்டக் கேட்டுக்கொண்டு வாங்கோ." இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தொலைபேசி எடுத்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. வாடி நிற்கப்போகும் இடத்தின் கிராம அலுவலர் பிரிவுப் பெயரையும் இலக்கத்தையும் அந்த ஊர்ச் சங்கத் தலைவரிடமே முதலில் கேட்டு, கடிதத்தின் முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள். பிறகு "எங்கட பிரிவில்லை" என்று எவரும் தள்ள முடியாது. ஊர் விதானையாரின் (கிராம அலுவலரின்) கடிதத்தை வெளிக்கிடுவதற்குக் கிட்டவாக எடுங்கள். பழைய திகதி கண்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆட்களின் பெயர்ப்பட்டியலை அடையாள அட்டையில் உள்ள எழுத்துப்படியே எழுதுங்கள். அட்டையில் முதலெழுத்து ஒன்று, சங்கப் புத்தகத்தில் இன்னொன்று என்றால் அந்த ஒரு ஆளுக்காக முழுப் பட்டியலும் கிடப்பில் போகும். பழைய அட்டையின் ஒன்பது இலக்கத்துக்குப் பின்னால் வரும் 'வி' எழுத்தை விட்டுவிட்டால்கூடக் கேள்வி வரும். படகுப் பதிவுப் புத்தகம், இந்த வருசத்து மீன்பிடி லைசென்ஸ், எஞ்சின் இலக்கம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். எஞ்சினை மாற்றியவர்கள் பதிவைத் திருத்தாமல் வெளிக்கிட வேண்டாம். அணியத்தில் இரண்டு பக்கமும் இலக்கம் தெளிவாக வாசிக்கக் கூடியதாக இருக்கட்டும். போயாவையும் பொதுமக்கள் தினத்தையும் கலண்டரில் பாராமல் பஸ் ஏறவே கூடாது. பொதுமக்கள் தினம் தவிர்ந்த நாட்களில் வெளிக்கள உத்தியோகத்தர் கதிரையில் இருக்க மாட்டார். எல்லாவற்றிலும் மூன்று போட்டோக் கொப்பி. அந்தப் பக்கம் கொப்பி எடுக்கக் கடை தேடுவது வீண் வேலை.

வாடி அடிக்கும் இடம் அடுத்த பொறி. சுண்டிக்குளம் 1938 இல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2015 இல் தேசியப் பூங்கா. பூங்கா எல்லைக்குள் ஒரு தடி வெட்டினாலும் வழக்குத்தான். கண்டல், பாலை, தாழை எதிலும் கத்தி வைக்காதீர்கள். கப்பு, வளை, கிடுகு, கயிறு முழுக்க ஊரிலிருந்தே ஏற்றிப் போங்கள். சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும், ஆகையால் வாசல் கிழக்கே, கடல் பக்கம். கப்பை முழங்கால் ஆழத்துக்கு மேலே தாட்டு, மண் நிரப்பிய உரப்பையை அடியில் வைத்துக் கட்டினால்தான் நிற்கும். வெறும் மணலில் நட்ட கப்பு ஒரு இரவுக் காற்றுக்கே சாயும்.

தண்ணீருக்குப் பூவல், அதாவது மணலில் தோண்டும் ஆழமில்லாத கிணறு. கரைமணலுக்குக் கீழே நல்ல தண்ணீர் ஒரு மெல்லிய படையாக உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. அதனால் ஆழம் தோண்டுவது பிழை. தண்ணீர் கண்டவுடன் நிறுத்தி, அகலத்தைக் கூட்டுங்கள். விடியப்புறம் மெல்ல அள்ளி, ஊற விட்டு, பின்னேரம் மறுபடி அள்ளலாம். மோட்டர் வைத்து இறைத்தால் உவர் மேலேறிவிடும், பிறகு அந்தப் பூவலை மறந்துவிட வேண்டியதுதான். குடிக்க மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லீற்றர் கணக்கு, வெயிலுக்கு அது கூடவும் இல்லை. பூவல் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். ஒரு கிழமைக்குக் காணும் தண்ணீரை எப்போதும் கானில் ஒதுக்கி வையுங்கள். ஆனால் தோண்டும் இடத்தை ஊர்ச் சனத்திடம் கேட்காமல் மண்வெட்டி போடக் கூடாது. அது சண்டை நடந்த மண். மிதிவெடி அகற்றிய பகுதி, அகற்றாத பகுதி அவர்களுக்குத்தான் தெரியும். மழைக்குப் பிறகு மணலில் இரும்பு தெரிந்தால் தொடாமல், அடையாளம் வைத்துவிட்டு 119க்கு (பொலிஸ்) அறிவியுங்கள்.

எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: பிளக், இம்பெலர், ஸ்டார்ட்டர் கயிறு மேலதிகமாக. களப்புப் பக்கம் ஓடும்போது சாதாளை (கடற்செடி) அடைத்து எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் வராவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

ஐஸ் லொறி சொன்ன நாளில் வராது என்று வைத்துக்கொண்டே உப்பு ஏற்றுங்கள். மூன்று கிலோ மீனுக்கு ஒரு கிலோ கட்டி உப்பு. பெரிய மீனை முதுகால் பிளந்து, செவுளும் குடலும் எடுத்து, கடல் தண்ணீரில் கழுவி, இரவு முழுக்க உப்பில் கிடக்க விட்டு, காலையில் உப்புத் தண்ணீரில் அலசிக் காய வையுங்கள். சோளகத்தில் கருவாடு பழுதாவது ஈரத்தால் அல்ல, அவசரத்தால். உச்சி வெயிலும் காற்றும் சேர்ந்து மேற்தோலை இறுக்கிவிடும், உள்ளே ஈரம் அடைபட்டு இரண்டு கிழமையில் நாற்றம் எடுக்கும். முதல் நாள் மத்தியானம் நிழலில் வையுங்கள். மணலில் விரிக்காமல் இடுப்பளவு பரணில் வலை கட்டிப் போடுங்கள், இரவில் மூடுங்கள், இல்லாவிட்டால் இலையான் முட்டை வைத்துவிடும். பாவித்த உப்பைத் திரும்பப் போட்டால் கருவாடு சிவக்கும். சிவந்ததை வியாபாரி பாதி விலைக்கும் எடுக்க மாட்டார்.

இரவு நிலத்தில் படுக்காதீர்கள். கட்டுவிரியன் பெரும்பாலும் தூங்குகிறவனைத்தான் கடிக்கும், கடிபட்ட இடம் நோகாமலும் இருக்கும். கட்டில் இல்லாவிட்டால் பலகை, நுளம்பு வலையின் ஓரம் பாய்க்குக் கீழே. சுருட்டைப் புடையன் மணலிலும் கிடுகுக் கட்டுக்குள்ளும் இருக்கும், அதனால் விறகு எடுக்கும்போது ரோர்ச் வேண்டும். கடித்தால் கட்ட வேண்டாம், கீற வேண்டாம், நடக்க விட வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து 1990க்கு (அம்புலன்ஸ்) எடுங்கள். திருக்கை முள் குத்தினால் பொறுக்கக்கூடிய சுடுதண்ணீரில் ஒரு மணித்தியாலமாவது வையுங்கள். களப்பில் முதலை உண்டு, பொழுதுபட்ட பிறகு அங்கே குளிக்க இறங்காதீர்கள்.

சிக்னல் வாடிக்குள் கிடைக்காது. போன முதல் நாளே திட்டியில் ஏறி, எந்த இடத்தில் கிடைக்கிறது என்று பார்த்து ஒரு தடி நட்டு வையுங்கள். இரவில் ரோர்ச் அடித்தால் தெரியும்படி அதில் வெள்ளைச் சீலை ஒன்று கட்டிவிடுங்கள்.