உபுட்டில் தோட்டத்து அறை: ஒரு வாரம் தங்கக் கணக்குப் போடுவது

பாலித் தீவின் உபுட்டில் ‘கார்டன் ரூம்’ என்று மலிவாகக் கிடைக்கும் அறைகளில் பெரும்பாலானவை ஹோட்டல் அறைகள் அல்ல. அது ஒரு குடும்பம் தலைமுறைகளாக வாழும் வளவு. தெருவாசலில் செதுக்கிய கல் கதவு, அதைத் தாண்டியதும் உள்ளே நேராகப் பார்க்க முடியாதபடி ஒரு குறுக்குச் சுவர், வடகிழக்கு மூலையில் குடும்பக் கோயில், நடுவில் முற்றம், சுற்றிலும் தனித்தனிக் கட்டடங்கள். பின்பக்கத்தில் ஈழத்தலரி, செம்பருத்தி, வாழைக்கு நடுவே நாலைந்து அறைகளைக் கட்டி வாடகைக்கு விடுகிறார்கள். திண்ணையோடு கூடிய அறை, காலை உணவு, முற்றத்து அமைதி எல்லாம் சேர்த்து ஒரு இரவுக்கு 2 லட்சத்திலிருந்து 3.5 லட்சம் ரூபியா. மூன்று சுழியை வெட்டி ஐந்தரையால் பெருக்கினால் நம் ரூபாய்க் கணக்கு ஏறக்குறைய வந்துவிடும். 3 லட்சம் ரூபியா என்றால் 1,650 ரூபாய்.

இந்த விலைக்கு இவ்வளவு நல்ல தங்குமிடம் அபூர்வம். ஆனால் முன்பதிவு இணையதளத்தில் இருக்கும் படங்களில் எல்லா வளவும் ஒன்றுபோலவே அழகாகத் தெரியும். தண்ணீர் எப்படி வருகிறது, இரவில் என்ன சத்தம் கேட்கும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு எத்தனை படி ஏற வேண்டும் என்பதெல்லாம் படத்தில் வராது. தங்கல் இனிப்பதும் கசப்பதும் இவற்றால்தான். அதனால் கேள்வி கேட்டு அறை எடுங்கள்.

முதலில் தேதி. நவம்பரிலிருந்து மார்ச் வரை மழைக்காலம்; டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் அடித்துப் பெய்யும். ஜூலை, ஆகஸ்டிலும் கிறிஸ்துமஸ் – புத்தாண்டு வாரத்திலும் வாடகை ஏறும், அறையும் கிடைக்காது. மே, ஜூன் முதல் பாதி, செப்டம்பர் கடைசி, அக்டோபர் ஆகியவைதான் பணத்துக்கும் வானத்துக்கும் பொருந்தும் மாதங்கள். பிப்ரவரியில் வாடகை இன்னும் இறங்கும். ஆனால் ஓலைக் கூரையும் மூங்கில் பாய்ச் சுவரும் உள்ள அறையில் அந்த மாதம் துண்டு காயாது, துணிப்பை பூஞ்சை பிடிக்கும். மழைக்காலத்தில் போவதென்றால் ஓட்டுக் கூரை, சுண்ணாம்புச் சுவர் உள்ள அறையைக் கேட்டு வாங்குங்கள்.

பாலியின் நாட்காட்டியையும் பார்த்துவிடுங்கள். சக ஆண்டின் புத்தாண்டான நியெப்பி பெரும்பாலும் மார்ச்சில், நம் பக்கத்து உகாதியை ஒட்டி வரும். அன்று காலை 6 மணி முதல் மறுநாள் காலை 6 மணி வரை தீவே அடங்கியிருக்கும். விமான நிலையம் மூடல், தெருவில் யாரும் நடக்கக் கூடாது, வெளிச்சம் தெரியக் கூடாது, மொபைல் இணையமும் நிறுத்தப்படும். அந்த நாள் உங்கள் வாரத்துக்குள் விழுந்தால் வளவை விட்டு வெளியே போக முடியாது. மூன்று வேளைச் சாப்பாடு கிடைக்குமா என்று வீட்டுக்காரரிடம் முன்பே கேட்டு, முந்தின நாளே பணம் எடுத்து, பழமும் பிஸ்கட்டும் வாங்கி வைத்துவிட வேண்டும். 210 நாளுக்கு ஒரு முறை வரும் கலுங்கான் திருநாள் இதற்கு நேர் எதிர். வாசல்தோறும் வளைந்த மூங்கில் பென்ஜோர் நிற்கும், தெருவே அழகாக இருக்கும். சின்னக் கடைகள் இரண்டு மூன்று நாள் மூடியிருக்கும், அவ்வளவுதான். 2026இல் அது ஜூன் 17.

அடுத்தது தெரு. உபுட்டில் சொகுசைத் தீர்மானிப்பது தெருதான் என்பது என் உறுதியான எண்ணம். மங்கி ஃபாரஸ்ட் சாலையும் ஹனோமன் சாலையும் கடைவீதிகள். எல்லாம் நடை தூரத்தில் இருக்கும், ஆனால் முன்பக்க அறையில் நள்ளிரவு வரை ஸ்கூட்டர் சத்தம் கேட்கும். அங்கே எடுத்தால் பின்கட்டு அறையாகப் பாருங்கள். கஜெங் தெரு வடக்கே ஏறி வயல்வெளியில் முடிகிறது. மையத்தை விட்டு விலகாமல் அமைதி வேண்டுவோர் அங்கே முதலில் தேடலாம். கிழக்கே தெபெசாயா, பெலியாத்தான் பக்கம் வாடகை குறைவு, சாப்பாட்டுக் கடைகளும் மலிவு. மேற்கே பெனெஸ்தானான் மிக அழகு. ஆனால் சம்புவான் பக்கமிருந்து செங்குத்தான படிகள் ஏறிப் போக வேண்டிய வீடுகள் அங்கே உண்டு. சில அறைகளுக்கு வயல் வரப்பு மாதிரி நடைபாதை மட்டுமே. முழங்கால் வலி உள்ளவர், பெரிய பெட்டி இழுப்பவர் ‘கார் வாசல் வரை வருமா?’ என்று கேட்காமல் பணம் கட்டக் கூடாது. மங்கி ஃபாரஸ்ட் எனும் குரங்குக் காட்டுக்குத் தெற்கே இருக்கும் ஞூ குனிங் நேர்த்தியான, அமைதியான கிராமம். காட்டை ஒட்டிய வீடுகளில் குரங்குகள் திண்ணை வரை வரும். ஜன்னலைச் சாத்தாமல், பழத்தையோ மருந்துப் பையையோ மேசையில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. பாலியில் வெறிநாய்க் கடி நோய் இருக்கிறது. குரங்கோ நாயோ கடித்தால், கீறினால்கூட, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும்.

முழு வாரத்தையும் இணையத்தில் பதிவு செய்ய வேண்டாம். முதல் இரண்டு இரவுக்கு மட்டும் பதிவு செய்யுங்கள். மறுநாள் காலை 10 மணிக்கு மேல், பழைய விருந்தினர் கிளம்பி அறைகள் காலியாகும் நேரத்தில், பிடித்த தெருவில் நடந்து நாலு வளவுக்குள் போய்ப் பாருங்கள். ‘அடா காமார் கோசோங்?’ என்றால் காலி அறை இருக்கிறதா என்று பொருள். ஆணை ‘பாக்’ என்றும் பெண்ணை ‘இபு’ என்றும் அழைத்துப் பேசினால் முகம் மலரும். ஐந்து இரவு எடுப்பதாகச் சொல்லிக் கையில் ரொக்கம் கொடுத்தால், தளத்துக்குப் போகும் கமிஷன் மிச்சமாவதால் விலையைக் குறைப்பார்கள். ஒரே முறை, சிரித்துக்கொண்டு, ஒரு எண்ணைச் சொல்லிக் கேட்டால் போதும். மீன் கடையில் பேசுவதுபோல் இழுத்தடிக்காதீர்கள். அது அவர்கள் வீடு. இப்படி நடந்து தேடுவது ஜூலை – ஆகஸ்டில் சரிப்படாது. அப்போது முழு வாரமும் முன்பதிவுதான்.

தளத்தில் பதியும்போது விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா பாருங்கள். வரியும் சேவைக் கட்டணமும் தனி என்று அதற்குப் பொருள்; இரண்டும் சேர்ந்து 21 சதவீதம் வரை ஏறும். வீட்டோடு இருக்கும் ஹோம்ஸ்டேக்களில் பெரும்பாலும் சொன்ன விலைதான் விலை. உணவகங்களில் இந்தக் குறி சாதாரணம்.

அறைக்குள் போனதும் கட்டிலைப் பார்க்குமுன் குளியலறைக் குழாயைத் திறங்கள். தண்ணீர் உயரத்தில் இருக்கும் தொட்டியிலிருந்து மோட்டார் வழியாக வருகிறது. வெந்நீர் பல வீடுகளில் சுவரில் மாட்டிய சின்ன எரிவாயு ஹீட்டரில்தான். தண்ணீரின் வேகம் குறைந்தால் அது பற்றவே பற்றாது. உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்தாலும் அதே கதி. ‘வெந்நீர் வரவில்லை’ என்று எழுதப்படும் குறைகளில் பல இந்த இரண்டில் அடங்கிவிடும், ஐந்து நிமிட வேலை. வெந்நீரை மெல்லத் திறந்தால் ஹீட்டர் அணைந்துவிடும். வெந்நீர்க் குழாயை முழுதாகத் திறந்து, பச்சைத் தண்ணீரைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கலக்க வேண்டும். சூரிய ஹீட்டர் உள்ள வீட்டில் மேகமூட்டமான நாளுக்கு மறுநாள் காலை வெதுவெதுப்புத்தான். கூரையில்லாத திறந்த குளியலறை பார்க்க அழகு; கொசுவும் மழையும் சேர்ந்து வரும்.

மின்சாரத்தில் ஒரு நுணுக்கம். சின்ன வீடுகளின் இணைப்பு 1,300 அல்லது 2,200 விஏ (ஏறக்குறைய வாட்) அளவுதான் தாங்கும். ஏசியும் கெட்டிலும் ஒன்றாக ஓடினால் வளவு முழுக்க இருட்டாகும். பல வீடுகளில் முன்பணம் கட்டும் மீட்டர். பணம் தீரப் போகும்போது விடாமல் பீப் அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் உடனே வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் நடு இரவில் மின்விசிறி நிற்கும். ஏசி அறைக்குக் கூடுதலாகக் கேட்கிறார்களா? செதுக்கு மரக் கதவும் இடுக்குள்ள சுவரும் குளிரை வெளியே விட்டுவிடும். உபுட், கடற்கரையைவிட உயரத்தில் இருப்பதால் இரவு இதமாகவே இருக்கும். குறுக்கே காற்று போக எதிரெதிர் ஜன்னல், வேகமாகச் சுற்றும் விசிறி, ஓட்டையில்லாத கொசுவலை மூன்றும் இருந்தால் ஏசிக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. பிளக் இரண்டு வட்ட முனை. நம் இரண்டு முனை போன் சார்ஜர் பெரும்பாலும் பொருந்தும், மூன்று முனை பொருந்தாது.

தோட்டம் என்றால் கொசு. டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிப்பது. முற்றத்தில் அல்லி வளர்க்கும் தொட்டிகளுக்குள் எட்டிப் பாருங்கள்; சின்ன மீன்கள் ஓடினால் வீட்டுக்காரர் கவனமானவர். தேங்காய்ச் சிரட்டையிலும் காலிச் சட்டியிலும் தண்ணீர் நின்றால் அந்த அறை வேண்டாம். பூசிக்கொள்ளும் சொஃபெல் எந்தச் சின்னக் கடையிலும் கிடைக்கும்; காலையிலும் மாலையிலும் கணுக்காலில் பூச மறக்காதீர்கள். கூரையில் ‘டொக்கே, டொக்கே’ என்று கத்துவது பெரிய பல்லி. பூச்சியைத் தின்கிறது, தொடாதவரை ஒன்றும் செய்யாது. சேவல் விடியுமுன்னே கூவும். காதடைப்பான் எடுத்துப் போங்கள்.

குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. 19 லிட்டர் ‘காலோன்’ குடுவையிலிருந்து பிடித்துக்கொள்ள வீட்டில் விடுவார்களா என்று கேளுங்கள். விடுவார்கள் என்றால் ஒரு வாரத்துப் பாட்டில் செலவும் குப்பையும் மிச்சம்.

சைவச் சாப்பாட்டில் கவனம் வேண்டும். காலை உணவு வாழைப்பழப் பான்கேக், பழத்துண்டு, பாலிக் காப்பி என்று இருக்கும். முட்டை வேண்டாம் என்று முதல் நாளே சொன்னால் பான்கேக்குக்குப் பதில் ரொட்டி தருவார்கள். சின்ன உணவகமான வாருங்கில் டெம்பே (புளிக்க வைத்த சோயா), தாஹு (டோஃபு), கீரைப் பொரியல் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் சம்பலில் ‘தெராசி’ என்ற இறால் விழுது இருக்கும், வேர்க்கடலைச் சாறு ஊற்றிய காய்கறிக் கலவையான கடோ கடோவின் மேல் இறால் அப்பளமும் முட்டையும் வரும். ‘தன்பா தெராசி, தன்பா உடாங், தன்பா தெலுர்’ என்று சொல்லுங்கள்: தெராசி, இறால், முட்டை இல்லாமல். வாருங்கில் ஒரு சாப்பாடு 25,000 முதல் 50,000 ரூபியா.

இரண்டு பேர், ஏழு இரவு என்று கணக்குப் போடுவோம். அறை 3 லட்சம் வீதம் 21 லட்சம் ரூபியா. விமான நிலையத்திலிருந்து உபுட் சுமார் 35 கிலோமீட்டர். நெரிசலில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேலும் ஆகும். வீட்டுக்காரரே கார் அனுப்பினால் 3.5 லட்சம், போக வர 7 லட்சம். மதியமும் இரவும் வாருங் சாப்பாடு 12.6 லட்சம், காப்பி இளநீருக்கு 3.5 லட்சம். ஸ்கூட்டர் பெட்ரோலோடு நாளுக்கு ஒரு லட்சம், வாரத்துக்கு 7 லட்சம். வெளியூர் பார்க்க ஒரு நாள் ஓட்டுநரோடு கார் 6.5 லட்சம். நுழைவுச் சீட்டுகளுக்கு 4 லட்சம், கிலோ கணக்கில் துணி வெளுக்க ஒரு லட்சம். இந்தியக் கடவுச்சீட்டுக்கு வருகை விசா ஆளுக்கு 5 லட்சம், 2024 பிப்ரவரியிலிருந்து வாங்கும் சுற்றுலாக் கட்டணம் ஆளுக்கு 1.5 லட்சம், இரண்டு பேருக்கும் சேர்த்து 13 லட்சம். மொத்தம் 75.6 லட்சம் ரூபியா, விமானச் சீட்டு இல்லாமல் சுமார் 41,600 ரூபாய். மருத்துவக் காப்பீடு தனி, அதில் கை வைக்க வேண்டாம். ஸ்கூட்டர் ஓட்ட, இருசக்கர வண்டிக்கும் செல்லும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும். அது இல்லாமல் விழுந்தால் காப்பீடு பணம் தராது. அனுமதி இல்லாதவர்கள் அந்த 7 லட்சத்தை இன்னொரு நாள் காருக்கும் நடைக்கும் ஒதுக்குங்கள். வண்டிக்கு அடமானமாகக் கடவுச்சீட்டைக் கேட்டால் கொடுக்காதீர்கள். தங்குமிடத்தில் அதைப் படமெடுத்துக்கொள்வது வழக்கம். அசல் உங்களிடமே இருக்கட்டும்.

சில ஏடிஎம்களில் பணம் முதலில் வந்து, அட்டை பிறகு வெளியே வரும். பணத்தை எடுத்த வேகத்தில் அட்டையை விட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். வங்கிக் கிளைக்குள் இருக்கும் இயந்திரத்தையே பயன்படுத்துங்கள்.

வளவுக்குள் நடந்துகொள்ளும் முறையும் திட்டத்தில் ஒரு பகுதிதான். தினமும் காலையில் தென்னங்குருத்துத் தட்டில் பூவும் அரிசியும் வைத்து வாசலிலும் படியிலும் படைப்பார்கள். அதைத் தாண்டாமல் சுற்றிப் போங்கள். குடும்பக் கோயிலுக்குள் அழைத்தால் மட்டும், இடுப்புத் துணி கட்டிப் போகலாம். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் கோயிலுக்குள் வர வேண்டாம் என்பது அங்கே வழக்கம். உள்ளாடைகளைத் தலைக்கு மேல் உயரத்தில், ஆள் நடக்கும் வழியில் காயப்போடாதீர்கள். அவர்களுக்கு அது பெரிய சங்கடம். தெருக்கதவை இரவு எத்தனை மணிக்குச் சாத்துவார்கள், சாவி எங்கே என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் நாளில் விமானம் காலை என்றால் முந்தின இரவே கணக்கை முடித்து, காரை வாட்ஸ்அப்பில் உறுதி செய்துவிடுங்கள். மாலை விமானம் என்றால் 12 மணிக்கு அறையைக் காலி செய்த பிறகும் பெட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டுத் தோட்டத்தில் உட்கார விடுவார்கள், குளிக்கவும் ஒரு இடம் காட்டுவார்கள். விமான நேரத்துக்கு ஐந்து மணி நேரம் முன்பே உபுட்டை விட்டுக் கிளம்புங்கள். மழை நாளில் ஐந்தரை.