கடலூர் தேவனாம்பட்டினத்தில் இன்று விடியற்காலை

மணலில் டிராக்டர் டயர் ஓடின மாதிரி ஒரு தடம். கடலிலிருந்து ஏறி வந்து, திரும்பக் கடலுக்கே போயிருந்தது.

"ராத்திரி பங்குனி ஆமை ஏறியிருக்கு தம்பி" என்றார் வலை உலர்த்திக்கொண்டிருந்த அண்ணன். ஆலிவ் ரிட்லி என்கிற கடல் ஆமையைத்தான் அப்படிச் சொல்கிறார். முட்டையிட்டு, மணலைத் தள்ளி, அப்புறம் தன் உடம்பாலேயே தட்டித் தட்டி அது மூடிய இடம் இன்னும் ஈரமாக இருந்தது. உள்ளே நூறு முட்டைக்கு மேல்கூட இருக்கும், பொரிய ஏறக்குறைய 50 நாள்.

குஞ்சுகள் வெளிச்சம் தெரிகிற பக்கம்தான் நடக்கும். கடல் என்று நினைத்து ரோட்டு விளக்கைப் பார்த்துப் போய்விடும், பாவம்.

இங்கே சில்வர் பீச்சுக்கு ராத்திரியில் வருகிறவர்களே, ஆமையைப் பார்த்தால் செல்போன் டார்ச்சை அணைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள், போட்டோ வேண்டாம்.

வனத்துறைக்குச் சொல்லியாச்சு. அவர்கள் வரும்வரை நாய் அண்டாமல் அண்ணன் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.