கசிவு நின்றுவிட்டது, சுவர்தான் காய மறுக்கிறது

குளியலறைக்கு மறுபக்கம் இருக்கும் படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறிக்கொண்டிருந்த இடத்தை ஒருவழியாகப் பிடித்தாயிற்று. எல்லாக் குழாய்களையும் மூடியபோது தண்ணீர் மீட்டர் அசையவில்லை. ஆகவே தண்ணீர் கொண்டுவரும் அழுத்தக் குழாய் காரணமில்லை. வடிகால் வாயை அடைத்துத் தரையில் தண்ணீர் தேக்கினால் மறுபக்கம் எந்த மாற்றமும் இல்லை. அடைப்பை எடுத்துவிட்டு வடிகாலுக்குள் மட்டும் சிவப்புச் சாயம் கலந்து ஊற்றினேன். அடுத்த நாள் மறுபக்கச் சுவரின் அடியில் லேசான சிவப்பு. ஓட்டை இருந்த வடிகால் குழாய் இணைப்போ கறைக்கு நேர் எதிரே இல்லை, அறையின் வேறு மூலையில் இருந்தது. டைல்ஸுக்கு அடியிலுள்ள சாந்துப் படுகை வழியாகவே தண்ணீர் அவ்வளவு தூரம் நடந்திருக்கிறது.

இணைப்பை மாற்றிய கதையை விட்டுவிடுகிறேன். அதன் பிறகும் பெயின்ட் உரிவது நிற்கவில்லை என்பதுதான் இந்தப் பதிவுக்குக் காரணம். கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன். கோட்டைத் தாண்டி ஈரம் பரவவில்லை, ஆனால் கோட்டுக்குள் பூச்சு மாவு மாவாக உதிர்கிறது.

இரண்டு ஊசி உள்ள ஈரமானியைக் குத்தினால் 'முழு ஈரம்' என்கிறது. அதை நான் நம்பவில்லை. அந்தக் கருவி அளப்பது மின்தடையை. அதிலுள்ள சதவீதமும் மரத்துக்காகப் போட்டது. சுவரில் உப்பு இருந்தால் தடை குறைந்து, கிட்டத்தட்ட காய்ந்த இடத்தையும் ஈரம் என்று காட்டிவிடும். செங்கல்லிலும் சிமென்டிலும் உள்ள சல்பேட், குளோரைடு போன்றவற்றைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வருகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மேற்பரப்புக்கு வந்ததும் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு தங்கிவிடும். வெளியில் பூத்தால் துடைப்பத்தோடு போய்விடும். பெயின்டுக்குப் பின்னால் நுண்துளைகளுக்குள் படிகமானால்தான் பூச்சையே தள்ளிப் பெயர்க்கிறது. அதோடு, சில உப்புகள் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். கசிவு நின்ற பிறகும் சுவர் மழைக்காலத்தில் 'வியர்ப்பது' இதனால்தான்.

சரி, இது மிச்சக் கசிவா, உப்பா? சுவரைத் துளைத்து எடுக்கும் தூளை எடைபோட்டுப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. டிரில்லை மெதுவாகச் சுற்ற வேண்டும், வேகம் கூடினால் சூட்டிலேயே ஈரம் பறந்துவிடும். கூரான பிட் அவசியம். மேல்பூச்சுத் தூள் தனி, செங்கல்லின் உள்தூள் தனி. விழுந்த உடனே இறுக்கமான மூடி போட்ட சீசாவில் அடைக்க வேண்டும். இதற்குச் சமையல் தராசு உதவாது, 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு வேண்டும்.

எடை பார்த்ததும், சாப்பாட்டு உப்பைக் கரையாமல் மிஞ்சும் அளவு தண்ணீரில் போட்டு, அந்தக் கரைசலோடு மாதிரிகளை ஒரே மூடிய பெட்டியில் வைத்தேன். அந்தக் கரைசல் பெட்டிக் காற்றின் ஈரப்பதத்தைச் சுமார் 75 சதவீதத்தில் நிறுத்திவிடும். எடை மாறாமல் நிலைத்ததும் மறுபடி எடை, அப்புறம் அடுப்பில் உலர்த்திக் கடைசி எடை. வழக்கமாக 105 டிகிரி செல்சியஸில் உலர்த்துவார்கள். ஜிப்சம் பூச்சாக இருந்தால் இது கூடாது, ஜிப்சத்தின் படிக நீரும் சேர்ந்து வெளியேறிக் கணக்கைக் கெடுத்துவிடும். என்னுடையது சிமென்ட் பூச்சு, பிழைத்தேன்.

மேல்பூச்சுத் தூள் சுவரில் இருந்ததைவிடப் பெட்டிக்குள் அதிகம் ஈரம் குடித்தது. ஆக, அங்கே உப்புதான் குற்றவாளி. உள்தூள் நேர்மாறு: பெட்டிக்குள் எடை இறங்கியது. உள்ளே பழைய தண்ணீர் இன்னும் பாக்கி. சுவர் காய ஓர் அங்குலப் பருமனுக்கு ஒரு மாதம் என்ற தோராயக் கணக்கு உண்டு, அதனால் இதில் ஆச்சரியமில்லை. மறுபடி கசிகிறதா என்பது அதே உயரத்தில் பிறகு எடுக்கும் உள்தூளில் தெரிந்துவிடும்.

வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்து மூடிவிடு என்று யோசனை சொல்பவர்களுக்குக் குறைவே இல்லை. மூடினால் ஈரம் காய வழியில்லாமல் பக்கத்திலோ மேலேயோ போய் அங்கே உரிக்கும். பெயின்டைச் சுரண்டிவிட்டு, உப்பை உலர்ந்த பிரஷால் மட்டும் தட்டி எடுக்கிறேன். தண்ணீர் விட்டுக் கழுவினால் பாதி மறுபடி உள்ளே போய்விடும்.

இதற்கிடையில் மேல்தளக் கூரையின் அடியில், கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி போகும் பாதையில் ஒரு விரிசல் கண்ணில் பட்டது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், கான்கிரீட்டையே பிளந்துவிடும். அதைத் தள்ளிப்போட முடியாது. தட்டிப் பார்த்து எங்கெங்கே பொள்ளலாக ஒலிக்கிறது என்று குறித்துவைக்க வேண்டும்.

சுவருக்கு அடுத்த கட்டம் கூழ்ப் பற்று: உப்பில்லாத தண்ணீரில் பிசைந்த கூழை அப்பி, காயவிட்டு, உப்போடு சேர்த்து உரித்தெடுப்பது. காகிதக் கூழா, களிமண்ணா என்று முடிவாகவில்லை. இடது பாதியில் ஒன்று, வலது பாதியில் மற்றொன்று அப்பிவிட்டு, காய்ந்ததைத் தனித்தனியே சம அளவு தண்ணீரில் ஊறவைத்து, குடிநீரில் கரைந்த உப்பைச் சோதிக்கும் டிடிஎஸ் மீட்டரால் எது அதிக உப்பை இழுத்தது என்று பார்க்கப்போகிறேன்.