இன்னும் ரெண்டு செட் வேணுமாம்

புதிதாகச் சேருகிறவர்கள் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ என்னிடம் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "என்ன மாஸ்டர், உடம்பு வலிக்கவே இல்லையே?" கொடுத்த காசுக்கு ரசீது மாதிரி அந்த வலியை எதிர்பார்க்கிறார்கள். மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆபீஸில் நாலு பேர் "என்னாச்சு?" என்று கேட்க வேண்டும். "ஜிம்ல சேர்ந்திருக்கேன்" என்று சொல்லிக்கொள்ள வேண்டும். நான் அதைக் கொடுப்பதில்லை. முதல் மாதம் கண்டிப்பாகக் கொடுப்பதில்லை.

சென்னையில் பர்சனல் ட்ரெயினராக இருக்கிறேன். காலையில் அசோக் நகர், மேற்கு மாம்பலம் பக்கம் வீடு வீடாகப் போய்ச் சொல்லித்தருவது, மாலையில் ஒரு ஜிம். இந்தத் தொழிலில் கஷ்டப்படுத்துவதற்குப் பெரிய அறிவு தேவையில்லை. யாரை வேண்டுமானாலும் அரைமணி நேரத்தில் வாந்தி எடுக்க வைத்துவிடலாம். எவ்வளவு போதும் என்று பார்த்து நிறுத்துவதற்குத்தான் எனக்குப் பணம் தருகிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். தருகிறவர்கள் அப்படி நினைப்பதில்லை, அது வேறு விஷயம்.

இந்த வலி பற்றி ஜிம்களில் ஒரு பழைய கதை சுற்றுகிறது: "லாக்டிக் ஆசிட் சேர்ந்துடுச்சு, அதான் வலி." உடற்பயிற்சியில் சேரும் லாக்டேட் (கதையில் வருகிற லாக்டிக் ஆசிட் உடம்பில் இருக்கும் வடிவம்) ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ஏறக்குறைய வடிந்துவிடும். மறுநாள் தொடங்கி இரண்டு மூன்று நாள் இருக்கும் வலி, பழக்கமில்லாத வேலையைத் தசை செய்ததால் வருவது. அதிலும் எடையை மெதுவாக இறக்கும்போதுதான் அதிகம் வரும். அதே பயிற்சியை இரண்டு மூன்று வாரம் செய்தால் வலி குறைந்துவிடும், பலன் நின்றுவிடாது. ஆக வலியை வைத்துப் பலனை அளக்க முடியாது. முதல் நாளே உற்சாகத்தில் எக்கச்சக்கமாகச் செய்து, மறுநாள் சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அது சாதாரணக் களைப்பு இல்லை. தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிற நிலை அது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அபூர்வம்தான், ஆனால் வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லிவைக்கிறேன்.

ஒரு ஐ.டி. தம்பி வந்தார். முப்பத்தைந்தைத் தாண்டியவர். "மாஸ்டர், அடிச்சு நொறுக்குங்க" என்றார். ஒரு ஸ்குவாட் உட்காரச் சொன்னேன். பாதி இறங்கும்போதே குதிகால் தரையை விட்டு எழும்பியது, முதுகு வளைந்தது, மூச்சை அடக்கிக்கொண்டார். அன்றைக்கு அவருக்கு நான் கொடுத்தது நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், இருபது நிமிட நடை. முகம் வாடிவிட்டது. "இன்னும் ரெண்டு செட் போடட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன்.

காரணம் இதுதான். புதியவருக்கு முதல் சில வாரங்களில் பலம் மளமளவென்று ஏறும். அதில் பெரும்பங்கு தசை வளர்ந்ததால் வருவதில்லை. இருக்கிற தசைநார்களை நரம்பு மண்டலம் இன்னும் நன்றாக வேலை வாங்கக் கற்றுக்கொள்வதால் வருவது. தசையை எலும்போடு சேர்க்கும் தசைநாண்கள் அவ்வளவு வேகமாகத் தயாராவதில்லை, அவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். "நல்லா தூக்குறேனே" என்று தெம்பு வருகிற நேரத்தில்தான் முழங்கை, தோள்பட்டை, முழங்காலுக்குக் கீழே என்று ஒவ்வொன்றாகப் பிடிக்க ஆரம்பிக்கும். அப்போது நின்றுபோகிறவர் மறுபடி வருவதற்கு ஜனவரி முதல் தேதி வந்தாக வேண்டும்.

முன்பு வேலை பார்த்த ஒரு ஜிம்மில் இதற்கு நேரெதிர் நடைமுறை. தொண்ணூறு நாள் சவால், 'முன்பு-பின்பு' போட்டோ. முன்பு போட்டோவில் தொப்பையைத் தள்ளி நிற்கச் சொல்வார்கள், பின்பு போட்டோவில் மேலேயிருந்து விளக்கு போடுவார்கள். கவுன்டரில் புரோட்டீன் டப்பா விற்றால் ட்ரெயினருக்குக் கமிஷன். அங்கே வெகுநாள் இருக்கவில்லை.

அதிகம் யோசிக்க வைத்தவர் மேற்கு மாம்பலத்தில் ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா. அறுபத்தைந்துக்கு மேல். "தரையில உக்காந்தா எழுந்திருக்க யாராவது கை கொடுக்கணும் தம்பி. அது மட்டும் சரியானா போதும், எனக்கு உடம்பு இளைக்க வேண்டாம்" என்றார். இவ்வளவு தெளிவான குறிக்கோளோடு யாரும் வந்ததில்லை. டாக்டரிடம் காட்டி மூட்டுக்குப் பயிற்சி செய்யலாம் என்று கேட்டுக்கொண்டு வந்த பிறகு ஆரம்பித்தோம். உபகரணம் எதுவும் வாங்கவில்லை. சாப்பாட்டு மேஜை நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அதன்மேல் மடித்த போர்வைகளை அடுக்கினேன். உட்காரும் இடம் உயர்ந்தால் எழுவது சுலபம். ஜன்னல் கம்பி கைக்கெட்டும் தூரத்தில். எழும்போது மூச்சை விட வேண்டும், உட்காரும்போது மூன்று எண்ணிக்கொண்டே இறங்க வேண்டும், தொப்பென்று விழக்கூடாது. அவர் பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர், மூச்சை அடக்கினால் அழுத்தம் சட்டென்று ஏறும். அதனால் எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லச் சொல்வேன். சொல்லிக்கொண்டே மூச்சடக்க முடியாது. ஐந்து தடவை, ஓய்வு, மறுபடி ஐந்து. சுலபமானதும் ஒரு போர்வையை உருவிவிடுவேன். "இன்னிக்கு எத்தனை போர்வை?" என்றுதான் கதவைத் திறப்பார். போர்வை தீர்ந்ததும் நாற்காலி போய் முக்காலி வந்தது, பிறகு ஒரு பலகை. பலகையிலிருந்து கை ஊன்றாமல் எழுந்த அன்று பேத்தியைக் கூப்பிட்டு மறுபடி செய்துகாட்டினார். எனக்கு அன்று ஃபில்டர் காபி இரண்டு டம்ளர்.

முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது, அறுபதுக்குப் பின் அது இன்னும் வேகமாகிறது. நடேசன் பூங்காவில் காலையில் சுற்றுகிறவர்கள் "நான்தான் தினமும் வாக்கிங் போறேனே" என்பார்கள். நல்லதுதான். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரை வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு கேட்கிறது. அதோடு வாரம் இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை, 65-ஐத் தாண்டியவர்களுக்கு மூன்று நாள் தடுமாறாமல் நிற்கிற பயிற்சி. நம்மவர்கள் முதல் வரியோடு படிப்பதை நிறுத்திவிட்டார்கள். பத்தாயிரம் ஸ்டெப்ஸ் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பது வேறு. அந்த எண் 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் (அடிகளை எண்ணும் கருவி) பெயரிலிருந்து பிரபலமானது, மருத்துவர்கள் கணக்குப் போட்டுச் சொன்னதல்ல.

சாப்பாட்டு விஷயத்தில் சார்ட் எழுதிக் கொடுப்பதில்லை. நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பேன். "ஒண்ணுமே இல்லை, ரெண்டு தோசைதான்" என்று ஆரம்பிக்கும். நாலு கேள்வி கேட்டால் சாயங்கால டீயோடு போன மிக்ஸர் வெளியே வரும். சோற்றை நிறுத்தச் சொல்கிற ட்ரெயினருக்குப் பெயர் சீக்கிரம் கிடைக்கும், ஏனென்றால் முதல் வாரத்திலேயே ஒன்றிரண்டு கிலோ இறங்கும். சோறு போன்றவற்றின் மாவுச்சத்தை உடம்பு கிளைகோஜனாகச் சேமித்துவைக்கும்; அது ஒரு கிராமுக்கு மூன்று கிராம் அளவு தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். அந்தத் தண்ணீர்தான் பெரும்பாலும் இறங்குகிறது. பொங்கலன்று சாப்பிட்டால் திரும்ப ஏறிவிடும். நான் எதையும் எடுப்பதில்லை, ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறேன். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) கணக்குப்படி ஒரு நாளைக்குக் கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம், அறுபது கிலோ ஆளுக்கு ஐம்பது கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் இருக்கிறது. சைவ வீட்டில் சாம்பார் தெளிவாக ஓடினால் அந்த ஐம்பது எட்டாது. டீச்சரம்மா வீட்டில் பருப்பைக் கெட்டியாக விட்டு, மிக்ஸருக்குப் பதில் சுண்டல் என்று மாற்றினோம். அவ்வளவுதான் டயட். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்கு இதையும் நான் சொல்வதில்லை, அது அவர்கள் டாக்டர் பாடு.

அட்டவணை போடும்போது ஒருவருடைய நல்ல வாரத்தைப் பார்ப்பதில்லை, மோசமான வாரத்தைத்தான் கேட்டு வாங்குவேன். பிள்ளைக்குப் பரீட்சை, ஊரில் கல்யாணம், நவம்பர் மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர் என்று வருகிற வாரத்தில் எதைச் செய்ய முடியுமோ, அதுதான் அவருடைய அடிப்படை. பெரும்பாலும் அது வீட்டிலேயே பத்து நிமிடமாக இருக்கும். நல்ல வாரத்தில் அதன்மேல் கட்டலாம். முதலில் எண்ணிக்கையைக் கூட்டுவது, அது கைக்கு வந்த பிறகு எடையைக் கூட்டுவது, இரண்டையும் ஒரே நாளில் கூட்டுவதில்லை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. இதய வேகம் பார்க்க வாட்ச் இல்லாதவர்களுக்கு இதுவே போதுமான அளவுகோல்.

இப்படிக் குறைத்துக் கொடுத்ததால் போனவர்களும் உண்டு. ஒருவர் என்னிடம் ஒரு மாதம் இருந்துவிட்டு, பக்கத்துத் தெருவில் டயர் புரட்ட விடுகிற இடத்துக்குப் போனார். வருத்தமில்லை என்று சொன்னால் பொய், மாதக் கட்டணம் போனதே.

ஐ.டி. தம்பிக்கு மாதத்தில் ஒரு வாரம் நைட் ஷிஃப்ட். அந்த வாரம் தூக்கம் கெட்டிருக்கும், எடை ஏற்ற மாட்டேன். ஆரம்பத்தில் அதற்கும் சண்டை போடுவார், "ஃப்ரெஷ்ஷாதான் இருக்கேன் மாஸ்டர்" என்பார். போன ஷிஃப்டின்போது விடியற்காலையில் அவரிடமிருந்து மெசேஜ்: "நைட் ஆரம்பிச்சிருச்சு. இந்த வாரம் பத்து நிமிஷத்தோட விட்டுடறேன். திங்கட்கிழமை பார்க்கலாம்."