சேறு தின்னும் வேகம்

ஓய்வு பெற்று மலேசியாவில் என் ஊரான சுங்கை சிப்புட்டுக்கே திரும்பிவிட்டேன். ஒட்டுக்கடையில் பையன்கள் விமான வேலையைப் பற்றிக் கேட்டால், அப்பாவின் லாரியிலிருந்துதான் ஆரம்பிப்பேன். தோட்டத்தில் அவர் செம்பனைக் குலை ஏற்றினார். மழை நாளில் ஏற்றத்துக்கு முன்னால் சேறு கிடந்தால் லாரி எவ்வளவு உறுமினாலும் வேகம் பிடிக்காது. "சேறு வேகத்தத் தின்னுரும்டா" என்பார்.

பராமரிப்புத் தொழில்நுட்பராக ஐரோப்பாவில் ஒரு குளிர்காலம் வேலை செய்தபோது, ஓடுபாதையில் பாதி உருகிக் கிடக்கும் பனியும் அதே வேலையைத்தான் செய்யும் என்று தெரிந்துகொண்டேன். 1958 பிப்ரவரி 6, மியூனிக். மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து ஆட்டக்காரர்கள் வந்த விமானம் மூன்றாவது முறையாகப் புறப்பட ஓடியது. 117 நாட் (மணிக்குச் சுமார் 217 கிலோமீட்டர்) வேகத்தைத் தொட்டது. பாதையின் கடைசிப் பகுதியில் பனிச்சேறு. வேகம் 105க்கு இறங்கிவிட்டது. எழும்பவும் முடியாது, மிச்ச தூரத்தில் நிற்கவும் முடியாது. 23 பேர் இறந்தார்கள். இறக்கையில் படிந்த பனியைக் கவனிக்கவில்லை என்று கேப்டன் ஜேம்ஸ் தெய்ன் மேல் பழி விழுந்தது. அவர் மேல் தவறில்லை என்று பிரிட்டிஷ் விசாரணை சொல்ல 1969 ஆகிவிட்டது. அந்தப் பதினோரு வருஷத்தை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கும்.

இறக்கைப் பனியும் லேசுப்பட்டதல்ல. நீண்ட தூரம் பறந்து வந்த விமானத்தின் இறக்கைத் தொட்டியில் மிஞ்சிய எரிபொருள் உறைநிலைக்கும் கீழே குளிர்ந்திருக்கும். அந்த இறக்கையின் மேல் தூறல் விழுந்தால் கண்ணாடி மாதிரி பனி படியும். வெறும் ஈரமா, பனியா என்று கண்ணுக்குத் தெரியாது. கையால் தடவித்தான் பார்க்க வேண்டும்.

ஒரு விடியற்காலை, பனி நீக்கும் திரவம் அடித்து முடித்தாயிற்று, நேரமாகிறது என்று மேலாளர் அவசரப்படுத்தினார். நான் ஏணியில் ஏறி, கையுறையைக் கழற்றிவிட்டுத் தடவினேன். இறக்கை விமானத்தின் உடலோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் வழுவழுவென்று ஏதோ இருந்தது. நகத்தால் சுரண்டினேன், சில்லு பெயர்ந்தது. "இன்னொரு தடவை அடிக்கணும்" என்றேன். மேலாளருக்கு முகம் சிவந்துவிட்டது. சரி, திட்டட்டும் என்று இறங்காமல் நின்றேன். கேப்டன் வந்தார், தானும் தொட்டுப் பார்த்தார், மறுபடி அடிக்கச் சொன்னார். நாற்பது நிமிஷம் தாமதம்.

இரவு அப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன்.

"ரெண்டாவது தடவ அடிச்சப்புறமும் தொட்டுப் பாத்தியா?" என்று கேட்டார்.

"பாத்தேம்பா."