சுவெட்டரை மறந்த மேதாவி

வெள்ளவத்தைக்குத் திரும்பி மூன்று நாளாகிறது. இந்த வெக்கையிலும் ஸ்லோவேனியாவின் போஸ்டோய்னா குகைக் குளிர் முழங்காலை விட்டுப் போகவில்லை. உள்ளே ஆண்டு முழுவதும் சுமார் 10 பாகை செல்சியஸ்தான். "குகைதானே, புழுக்கமாக இருக்கும்" என்று சுவெட்டரை அறையிலேயே விட்டுச் சென்றவன் நான்.

1872 முதல் அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கு ரயில் இருக்கிறது. கொழும்புக் கோட்டை ரயிலில் போலத் தலையை வெளியே நீட்டினால் பாறை பதில் சொல்லும். சுண்ணாம்புத் தூண்களைத் தொடாதீர்கள், கையின் எண்ணெய்ப் பசை பட்டால் வளர்ச்சி தடைப்படும் என்றார் வழிகாட்டி. அடுத்த நிமிடமே ஒருவர் தூணில் சாய்ந்து படம் எடுத்தார்! எனக்கு வந்த கோபத்தில் குளிரே சற்று மறந்துவிட்டது.

அங்குள்ள, பல்லி போன்ற உருவம் கொண்ட பார்வையற்ற நீர்வாழ் உயிரினமான சலமாண்டர் ஆண்டுக்கணக்கில் உணவின்றி உயிர்வாழும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"பாவம், ஒருவரும் அதற்குச் சாப்பாடு கொடுப்பதில்லையா?"